பதினோராம் பக்கத்தில் ஒரு ஜக்கெற்

அந்த ஜக்கெற்றை நான் இரண்டு தடவைதான் தொட்டிருக்கிறேன். முதல் தடவை, மல்லாவியில் என் சிநேகிதியின் வீட்டில், அவள் அதை ஓர் உரப்பையிலிருந்து எடுத்து என் மடியில் போட்டபோது. இரண்டாவது தடவை, படம் எடுப்பதற்கு முன் அதன் கொலரை நான் நிமிர்த்திவிட்டபோது. இன்று அது இல்லை. அது இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

அப்போது நான் வவுனியாவில் தங்கியிருந்து சித்திரமும் வடிவமைப்பும் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம். கொழும்பிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து படிப்பித்த மிஸ் ஒருவர், அந்தத் தவணைக்குப் பரீட்சை இல்லை, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு ஸீன் செய்யுங்கள் என்றார். அச்சகத்துக்குப் போகாமல், போட்டோக்கொப்பி எடுத்து, மடித்து, நடுவில் கம்பி அடித்து, கையிலிருந்து கைக்குக் கொடுக்கும் சின்ன இதழுக்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். கலையும் ஃபஷனும் பொருளாக இருக்கவேண்டும் என்றார். ஃபஷன் என்றதும் பின்வரிசை வாங்கில் சிலர் சிரித்தார்கள். எங்களில் பலர் கிழமையில் மூன்று நாள் ஒரே உடுப்பைத் தோய்த்துப் போடுகிறவர்கள்.

“காலையில வரும்போது எதைப் போடுறதுன்னு கொஞ்சமாவது யோசிச்சீங்கதானே?” என்று கேட்டார் மிஸ். “அதைப் பத்தித்தான்.”

வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அம்மா, “சீன் போடுறதுக்கும் இப்ப படிப்பிக்கினமோ?” என்றா. அதை வகுப்பில் சொல்லி இரண்டு நாள் சிரித்தோம்.

நானும் இன்னொருத்தியும் ஒரு குழுவானோம். அவள் முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. போர்க்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பம் என்பதால் அவள் பிறந்தது புத்தளத்தில். பத்து வயதில்தான் சொந்த ஊர் என்று பெற்றோர் சொல்லிக்கொண்டிருந்த இடத்தை முதல் தடவையாகப் பார்த்தாளாம். அவளுடைய வாப்பாவுக்கு முல்லைத்தீவு ரவுணில் ஒரு சின்னப் புடவைக்கடை. அவள் நீல போல்பொயின்ற் பேனையால் மட்டும்தான் வரைவாள். அந்த இதழுக்காக அவள் வரைந்தது கைகளை. கடைக்கு வரும் பெண்கள் துணியை வாங்குவதற்கு முன் அதை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள், ஓரத்தை மடித்து உள்பக்கம் பார்ப்பார்கள், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள். அந்தக் கைகள். முகம் ஒன்றுகூட இல்லை.

நான் படம் எடுப்பேன். வேலிகளில் காயும் உடுப்புகளை எடுத்து வைத்திருந்தேன். இதழுக்கு ‘உடுப்பு’ என்று பெயர் வைத்தோம். பதினாறு பக்கம். எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு குறை தெரிந்தது. கைகளும் வேலிகளும் இருந்தன. இங்கே ஒருவர் யோசித்து வெட்டித் தைத்த உடுப்பு என்று ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு மல்லாவியில் இருக்கும் சிநேகிதி ஞாபகத்துக்கு வந்தாள்.

அவளும் நானும் உயர்தரம் வரை ஒரே வாங்கில் இருந்தவர்கள். அரசாங்கம் தரும் வெள்ளைத் துணியில் வகுப்பில் பாதிப் பேருக்கு யூனிபோம் தைத்துக் கொடுத்தவள் அவள். அதே துணிதான், ஆனால் அவள் தைத்ததைப் போட்டால் தோள் நிமிர்ந்து நிற்கும். அவளுடைய தாய் வழியும் தகப்பன் வழியும் மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். பள்ளிக்கூடத்தில் சிலர் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். சொன்னவர்களுக்கும் அவள் யூனிபோம் தைத்துக் கொடுத்திருக்கிறாள். சோதனையில் அவளும் பாஸ்தான். கம்பஸுக்கு எடுபடப் புள்ளி போதாமல் போயிற்று. நான் வவுனியாவுக்கு வந்த அதே மாதம் அவள் ஓர் ஆடைத்தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். விடியப்புறம் கொம்பனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுதுபட்ட பிறகு கொண்டுவந்து விடும். ஞாயிறு மட்டும் லீவு.

ஒரு ஞாயிறு அவளிடம் போய், உன்னிடம் நீயே தைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். முதலில் இல்லை என்றாள். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு எழும்பி அறைக்குள் போனாள். உரப்பையோடு வந்தாள்.

வெளிநாட்டில் ஓட்டப்பயிற்சிக்குப் போகிறவர்கள் போடுகிற மாதிரியான ஜக்கெற். ஆனால் கையளவு, விரலளவுத் துண்டுகளைப் பொருத்திச் செய்தது. கடும் நீலம், சாம்பல், இடையில் ஒரேயொரு செம்மஞ்சள் துண்டு. துண்டுகள் எல்லாம் மழைக்கோடு மாதிரிச் சரிந்து, இடது தோளில் தொடங்கி வலது இடுப்புக்குப் போயின. உள்ளே திருப்பிப் பார்த்தேன். உள்துணி அவளுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டை. ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை.

“இதை எப்ப தைச்சனி?”

“ஒரு வருசமாத் தைச்சது. ஞாயிற்றுக்கிழமையிலை.”

“ஆருக்கு?”

“ஒருத்தருக்கும் இல்லை.” ஜக்கெற்றின் சிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டு சொன்னாள். “நான் அங்கை இடப்பக்கச் சிப் மட்டும்தான் தைக்கிறனான். வலப்பக்கம் முன்னுக்கு இருக்கிறவள். காலமை துடங்கினா பின்னேரம் வரைக்கும் இடப்பக்கச் சிப். கொலர் ஆர் வைக்கினம், கை ஆர் பூட்டினம் எண்டு ஒண்டும் தெரியாது. முழுசா ஒண்டைத் தைச்சுப் பாக்கோணும் போலை இருந்தது.”

துணியைப் பற்றிக் கேட்டேன். வெட்டும் பகுதியில் மிஞ்சும் துண்டுகள் சாக்கில் போகும், வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள், பிறகு அழித்துவிடுவார்கள் என்றாள். சாப்பாட்டுப் பெட்டியைச் சுற்றிக் கட்ட ஒரு துண்டு எடுத்துக்கொள்வாளாம். வேறு பிள்ளைகளும் அப்படித்தான். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. மற்றவர்கள் அதைக் கைதுடைக்க வைத்துக்கொண்டார்கள். இவள் தோய்த்து மடித்துச் சேர்த்தாள். சிப்பை மட்டும் மல்லாவிக் கடையில் வாங்கியிருந்தாள்.

இதழில் போடலாமா என்று கேட்டேன்.

“படம் எடு. முகம் வேண்டாம். பேரும் வேண்டாம். துணி எங்கையிருந்து வந்ததெண்டு மட்டும் எழுதிப்போடாதை.”

“அதை ஏனடி எழுதப்போறன்?” என்றேன்.

படம் எடுக்க இடம் தெரிவுசெய்தது அவள்தான். குளக்கட்டுக்குப் போவோம் என்றேன் நான். “எல்லாரும் அங்கைதானே எடுக்கினம்” என்று சொல்லி என்னைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஞாயிறு பின்னேரம் மீன் சந்தை கழுவிக் காலியாகக் கிடந்தது. மீன் வெட்டும் மேடைகளில் வெள்ளை மாபிள். மேலே தகரத்தின் இடைவெளியால் வெயில் கோடுகோடாக விழுந்தது. மீன் நாற்றம் போகவில்லை. அவள் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, ஒரு கையைத் தூணில் வைத்து நின்றாள். வாங்கில் கூனிக்கொண்டு இருந்த பிள்ளை அல்ல அது. நாற்பது படம்வரை எடுத்தேன். நான் போனைக் கீழே இறக்கிய பிறகும் அவள் கொஞ்சநேரம் அப்படியே நின்றாள்.

வவுனியாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில் பக்கங்களை நிலத்தில் பரப்பி அடுக்கினோம். அந்தப் படம் பதினோராம் பக்கத்தில் வந்தது. மேலே படம், கீழே எழுத்துக்கு ஒரு வெற்றிடம். “சிநேகிதி ஒருத்தி தைத்தது” என்று முதலில் எழுதினேன். மற்றப் பக்கங்களோடு வைத்துப் பார்க்க அது செத்துக் கிடந்தது. அதை வெட்டிவிட்டு வேறு எழுதினேன். எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அது பிழை செய்கிற பயம் இல்லை. நன்றாக வருகிறதே என்ற சந்தோசம்.

‘இந்த ஜக்கெற்றின் துணி, நாளுக்கொரு துண்டாக, ஒருத்தியின் சாப்பாட்டுப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஆடைத்தொழிற்சாலையின் வாசலைக் கடந்து வந்தது. கடலுக்கு அப்பால் யாரோ போட்டுக்கொண்டு ஓடப்போகிற உடுப்பின் மிச்சம், இங்கே அதைத் தைத்தவளின் தோளில்.’

என்னோடு சேர்ந்து செய்தவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். “இதைப் போடலாமா? அவ ஓமெண்டு சொன்னவளா?”

“ஓம்” என்றேன்.

அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பிறகு எவ்வளவோ யோசித்திருக்கிறேன். முகம் இல்லை, பேர் இல்லை, தொழிற்சாலையின் பெயரும் இல்லை, ஐம்பது பிரதிதானே, எங்கள் கம்பஸுக்கு வெளியே யார் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொன்ன நியாயங்கள் எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பிறகு வந்தவைதான். சொல்லும்போது ஒரு நியாயமும் இருக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

போட்டோக்கொப்பியில் நிறங்கள் போய்விட்டன. செம்மஞ்சளும் நீலமும் ஒரே சாம்பலாயின. எங்களிடம் இருந்த ஸ்ரேப்ளர் கடதாசி ஒற்றையின் நடுவுக்கு எட்டாது. அதை விரித்துப் பிடித்து, இதழை ஒரு ரப்பர்ச் செருப்பின் மேல் வைத்துக் கம்பியை அடித்து, கழற்றி எடுத்து, முனைகளை நகத்தால் மடித்தோம். ஐம்பது பிரதியும் அப்படித்தான். முடிந்தபோது இருவருடைய பெருவிரலிலும் தோல் உரிந்திருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் ஒன்றையும் கையில் வைத்திருந்ததில்லை.

கம்பஸ் மண்டபத்தில் எல்லாக் குழுக்களும் மேசை போட்டு இதழ்களைப் பரப்பினோம். வந்தவர்கள் எங்கள் இதழைப் புரட்டிக்கொண்டு போய்ப் பதினோராம் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் அதைப் பக்கத்தில் நின்றவருக்கு உரத்து வாசித்துக் காட்டினார். வெளியிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார். அது கைமாறிக் கைமாறிப் போனது. கீழே ஆட்கள் எழுதியவற்றை நான் விரிவுரைக்கு இடையிலும் எடுத்து வாசித்தேன்.

சிநேகிதிக்கென்று ஒரு பிரதியை உறையில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு ஞாயிறு ஊருக்குப் போகவில்லை. வேலை கிடக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அதை வாசிக்கும்போது நான் முன்னால் இருக்க விரும்பவில்லை என்பதே உண்மை.

மூன்றாவது கிழமை அம்மாவே போன் எடுத்தா.

“உன்ர சிநேகிதிப் பிள்ளை வேலையாலை நிண்டிட்டாளாம். சந்தையிலை தாயைக் கண்டனான். முகம் குடுத்துக் கதைக்கேல்லை. உனக்கு ஏதும் தெரியுமோ?”

தெரியாது என்றேன். ஆனால் தெரியும்.

அந்தக் கிழமையே போயிருக்கவேண்டும். போகவில்லை. காரணம் ஒன்று இருந்தது. அதே நாட்களில் மிஸ் வந்து, கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு எங்கள் இதழை எடுத்திருப்பதாகச் சொன்னார். “முக்கியமா அந்தப் பதினோராம் பக்கம். அந்த எழுத்து அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றார். நான் நன்றி மிஸ் என்றேன். ஏழு நாள் அந்தச் சந்தோசத்தையும் மற்றதையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

கடைசியில் அறையில் என்னோடு இருந்தவளிடம் சொன்னேன். அவள் வரைந்துகொண்டிருந்தாள். பேனையை மூடி வைத்தாள்.

“நீ ஓமெண்டு சொன்னியே.”

“பொய் சொன்னனான்.”

அவள் என்னைத் திட்டவில்லை. எழும்பிப் போய் மிஞ்சிக் கிடந்த பிரதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, கம்பியை விரித்து, மூன்றாவது ஒற்றையை உருவி எடுத்தாள். மடித்த இதழில் ஒரு ஒற்றையை உருவினால் நான்கு பக்கம் போகும். பதினொன்றோடு ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அந்த மூன்றிலும் இருந்தவை அவளுடைய கைகள்.

“உன்ர படங்கள் எல்லாம் போயிடும்” என்றேன்.

“தெரியும்” என்றாள். “போய் அவளிட்டக் கேள். அவள் எடுக்கச் சொன்னா எடுப்பம்.”

ஞாயிறு காலை மல்லாவிக்குப் போனேன். சிநேகிதியின் அம்மா முற்றத்தில் கச்சான் கடலையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தா. நான் சின்ன வயதிலிருந்து போய்வருகிற வீடு. என்னைக் கண்டால் “வா புள்ள” என்பதுதான் அவாவின் வழக்கம். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்து, “வாங்க” என்றா. “உள்ளுக்குத்தான் இருக்கா” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டா.

சிநேகிதி யன்னலோரம் தையல் மெசினின் முன்னால் இருந்து யாருடையதோ சாறிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் நிலத்தில் இருந்தேன். என்ன நடந்தது என்று கேட்டேன். தைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

காட்டிக்கொடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. வலப்பக்கச் சிப் தைக்கிற பிள்ளை போனில் அந்தப் படத்தைக் கண்டிருக்கிறாள். “எடியே, இது எங்கட லைன் துணியடி” என்று தேத்தண்ணி நேரம் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள். பெருமையாகத்தான் காட்டினாளாம். முதுகைக் கண்டே ஆள் யாரென்று எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது. பின்னேரம் சுப்பவைசரின் போனிலும் அது வந்துவிட்டது.

“சுப்பவைசர் நல்ல மனிசி. என்னைக் கூப்பிட்டு, ‘படம் மட்டுமெண்டா நான் காணாத மாதிரி இருந்திருப்பன் பிள்ளை, இப்பிடி எழுதியெல்லோ கிடக்கு’ எண்டு சொன்னவா. அவாவையும் மேலை கேப்பினம்தானே. விலகிறன் எண்டு நீயே கடிதம் எழுதித் தா, இல்லாட்டிக் களவெண்டு பதிய வேண்டி வரும் எண்டவா. எழுதிக் குடுத்தனான்.”

“ஜக்கெற்?”

“கொண்டுவரச் சொன்னவை. அடுத்த நாள் கொம்பனி பஸ்ஸிலையே கொண்டுபோனன். ஒப்பிஸிலை இருந்தவர் வாங்கி, உள்பக்கம் திருப்பிக் கனநேரம் பாத்தவர். ‘இதை ஆர் வெட்டினது?’ எண்டு கேட்டார். ‘நான்தான் சேர்’ எண்டன். ‘கொலரும் நீயோ?’ எண்டார். ‘ஓம்’ எண்டன். பிறகு அதை மடிச்சு, துண்டுத்துணிச் சாக்குக்குள்ளை போட்டிட்டார்.”

மெசினின் சில்லைக் கையால் நிறுத்தி நூலை வெட்டினாள்.

“இப்ப வாசலிலை எல்லாற்ற சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பாக்கினமாம். துணி சுத்திக் கொண்டுவரக் கூடாதாம். என்னைத்தான் ஏசுவாளவை.”

நான் எழுதியிருக்கக் கூடாது என்றேன். அவள் சாறியை மடித்து மெசினின் மேல் வைத்தாள். அப்போதுதான் என்னை நேரே பார்த்தாள்.

“நான் சொன்னனான்தானே?”

“ஓம்.”

“பிறகு ஏன் எழுதினாய்?”

வரும் வழியில் பஸ்ஸில் நான் அடுக்கி வைத்திருந்த பதில்கள் ஒன்றும் அங்கே சொல்லக் கூடியவையாக இருக்கவில்லை. “எழுதேக்கை நல்லா இருந்தது” என்றேன். அதைவிட வேறு உண்மை என்னிடம் இல்லை.

அவள் தலையாட்டினாள். “வாசிச்சனான். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்” என்றாள். அதில் நக்கல் இல்லை. நக்கலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒற்றையை உருவி எடுத்துவிடுகிறோம், கொழும்புக்கும் அனுப்பமாட்டோம் என்று சொன்னேன். பேஸ்புக்கில் போட்டவரிடம் கேட்டு அதை அழிப்பித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் யன்னலால் வெளியே பார்த்தாள். தாய் கச்சானை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தா.

“ஜக்கெற்றும் இல்லை. இதையும் கிழிச்சா என்னடி மிஞ்சும்?” என்றாள். “படம் இருக்கட்டும். உன்ர எழுத்தை எடு. என்ர பேரைப் போடு.”

எனக்கு விளங்கவில்லை. “பேரோ?”

“வேலை இருக்கேக்கைதான் பேர் வேண்டாமெண்டனான். இனி ஒளிக்க என்ன கிடக்கு? நான்தானே தைச்சனான். கீழை என்ன வரோணும் எண்டு நானே எழுதுறன்.”

அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் மிஞ்சியிருந்த முப்பத்திரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு மல்லாவிக்குப் போனோம். சிநேகிதியும் கைகளை வரைந்தவளும் அன்றுதான் முதல் தடவை சந்தித்தார்கள். பதினோராம் பக்கத்தில் என் எழுத்திருந்த இடத்துக்கு அளவாக வெள்ளைக் கடதாசித் துண்டுகளை வெட்டி ஒட்டினோம். ஒரு பிரதியில் எழுதிக் கொப்பி எடுப்போம் என்றேன். சிநேகிதி மறுத்துவிட்டாள். முப்பத்திரண்டிலும் தன் கையாலேயே எழுதினாள். சித்திர வகுப்பில் நாங்கள் பழகிய அழகான எழுத்து இல்லை அது. அளவுகளைக் குறிக்கிற எழுத்து. நேராக, நெருக்கமாக இருந்தது.

‘துண்டுகளை முதலில் நீளப்படி அடுக்கவும். நிறத்தைப் பிறகு பார்க்கலாம். தோள் பதினைந்து அங்குலம். சரிவு இடது தோளில் தொடங்க வேண்டும், நடுவில் தொடங்கினால் சுருங்கும். கை பூட்டும் இடத்தில் துணியை இழுக்க வேண்டாம். அது தானாக வரும்.’ இப்படிப் பதினொரு வரி. துணி எங்கிருந்து வந்தது என்று ஓரிடத்திலும் இல்லை. முடிவில் தகப்பனின் முதலெழுத்தோடு தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

நடுவில் ஒருமுறை பேனையை வைத்துவிட்டு ஆறாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு கை துணியின் ஓரத்தை மடித்துப் பிடித்திருந்தது.

“இவா வாங்கமாட்டா” என்றாள் சிநேகிதி.

வரைந்தவள் நிமிர்ந்தாள். “எப்பிடித் தெரியும்? உண்மையா வாங்கேல்லை.”

“பிடிச்சிருக்கிற பிடியிலை தெரியுது.”

அவர்கள் இருவரும் அதன் பிறகு துணிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். நான் பசை பூசிக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவளுடைய அம்மா எங்களுக்குச் சோறு போட்டா. என்னோடு வந்தவளை “நல்லாச் சாப்பிடு புள்ள” என்றா. என்னிடம் “கறி போட்டுக்கங்க” என்றா.

நடந்ததை மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் ஒட்டிய பக்கத்தை விரலால் தடவினார். “முதல் இருந்த எழுத்துக்காகத்தான் அவங்க எடுத்தாங்க” என்றார். “ஓம் மிஸ்” என்றேன். இதை அனுப்பிப் பார்ப்போம் என்றார். அவர்கள் மறுக்கவில்லை.

கொழும்புக்குச் சிநேகிதியைக் கூப்பிட்டேன். வரவில்லை. மல்லாவியில் ஒரு தையல் கடையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது, பள்ளிக்கூடம் தொடங்குகிற காலம், யூனிபோம் குவிந்து கிடக்கிறது என்றாள். நாங்கள் இருவரும் போனோம். குளிரூட்டிய ஒரு மண்டபத்தில் இதழ்களை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் இதழுக்கு முன்னால் நின்ற சிலர் அந்தப் பதினொரு வரியை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். வயதான ஒரு பெண் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தையும் எழுத்தையும் மாறிமாறிப் பார்த்து, தன் கையால் காற்றில் ஒரு சரிவைக் கீறிப் பார்த்தா. இந்த ஜக்கெற் எங்கே இருக்கிறது, பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டா. இல்லை என்றேன். வித்தாச்சா என்று கேட்டா. இல்லை, இப்போது இல்லை என்று மட்டும் சொன்னேன். என்னோடு வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

முதலில் கைமாறிப்போன பிரதிகள் எங்கெங்கோ இருக்கின்றன. அவற்றில் என் எழுத்து அப்படியே இருக்கும். பேஸ்புக்கில் போட்டவர் அழித்துவிட்டாலும் மற்றவர்கள் எடுத்து வைத்ததை நான் ஒன்றும் செய்ய ஏலாது.

ஒருமுறை ஊருக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளையின் கழுத்தில் அந்தத் தொழிற்சாலையின் அட்டை தொங்கியது. லீவில் வீட்டுக்குப் போகிறாள். நானாகவே கதை கொடுத்து, சாப்பாட்டுப் பெட்டியை இப்போதும் திறந்து பார்க்கிறார்களா என்று கேட்டேன். “ஓம், அது முந்தியே துடங்கினதாம் அக்கா. ஏனெண்டு தெரியாது” என்றாள். ஏனென்று எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. மாங்குளம் வரை யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சிநேகிதி இப்போது அந்தத் தையல் கடையில் வெட்டுகிறவள். மெசினில் இருப்பதைவிட அது பெரிய வேலை. கொம்பனியில் கிடைத்த வசதிகள் இல்லை, ஆனால் வெட்டுவதும் அவள்தான், பூட்டுவதும் அவள்தான். இதைச் சொல்லி நான் என்னைச் சமாதானப்படுத்த முயன்ற நாட்கள் உண்டு. அவளாகத் தேடிப்போன வேலை இல்லை அது. மறுபடி அப்படி ஒரு ஜக்கெற் தைப்பாயா என்று ஒருநாள் கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்குது” என்றாள்.

நாங்கள் கதைக்கிறோம். முந்தி மாதிரி எல்லாம் இல்லை. சில வேளை ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வேறு கதைக்குப் போய்விடுவாள். நான் கேட்பதில்லை.

இதை எழுதி முடித்ததும் அவளுக்குப் போன் எடுத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இடைக்கிடை மெசின் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. பேரைப் போடட்டோ என்று கேட்டேன்.

“வேண்டாம். அந்த இதழிலை போட்டது என்ர வேலைக்கு. இது நீ எழுதினது” என்றாள்.

ஓரிடத்தில் நான் எழுதியிருந்த ஒரு விடயத்தை எடுத்துவிடச் சொன்னாள். அவளுடைய அம்மாவைப் பற்றியது. நன்றாக வந்திருந்த இடம். எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு எப்படி இருக்கிறது என்று திரும்ப வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். சரி என்றாள். கடைக்கு ஆள் வந்திட்டினம் என்று சொல்லிப் போனை வைத்தாள்.